எலும்பு சூப்பும் பாரிஸ் நாய்களும்

போன மாதம் வஜ்ஜிரம் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு நாலைந்து நண்பர்கள் போன் செய்தார்கள். வஜ்ஜிரத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. "சார், நீங்க தோல் லைன்ல இருந்தவராச்சே, இந்த கொலாஜன் பவுடர் முட்டி வலிக்கு நல்லதா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒருவர் மூன்று டப்பா முடித்துவிட்டு நாலாவது வாங்கலாமா என்று கேட்டார். பென்ஷன் பணத்தில் அது சின்னத் தொகை இல்லை.

நான் டாக்டர் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புகளில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்வி புதியதல்ல என்பது எனக்குத் தெரியும். இருநூறு வருடத்துக்கு முன் பாரிஸ் நகரத்தில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் பத்து வருடம் மல்லுக்கட்டினார்கள். டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்கிறேன்.

வஜ்ஜிரம் தெரியாதவர்கள் நம் வயதில் இருக்க முடியாது. தச்சுப் பட்டறையில் ஒரு சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து வெந்நீரில் உருகிக்கொண்டிருக்கும் பழுப்புப் பசை. பட்டறைக்குள் நுழையும் முன்பே நாற்றம் நம்மை வரவேற்கும். அது வந்த இடம் எங்கள் தோல் ஷாப்புதான். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிரை நீக்கியபின், உட்புறம் ஒட்டியிருக்கும் ஜவ்வைச் சீவி எடுப்பார்கள். ஓரம் நீரம் எல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். ஒரு டன் பச்சைத் தோல் உள்ளே போனால் பதனிட்ட தோலாக வெளியே வருவது சுமார் 200 முதல் 250 கிலோ. இது வெளியார் பலருக்குத் தெரியாது. மீதி எல்லாம் கழிவு. ஜவ்வை வாங்கிப்போய் வஜ்ஜிரம் காய்ச்சுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் வராத வாரங்களில் அது எங்கே போயிருக்கும் என்று பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தோலிலும் எலும்பிலும் நரம்பு நாரிலும் இருக்கிற அந்தச் சத்துக்குப் பெயர்தான் கொலாஜன். கிரேக்க மொழியில் 'கொல்லா' என்றால் பசை. கொலாஜன் என்றால் பசையை உண்டாக்குவது. ஆக, அழகான டப்பாவில் வருகிற அந்தப் பெயரை நம் தச்சர் பாஷையில் சொன்னால் 'வஜ்ஜிரக் கரு'. கொலாஜனைத் தண்ணீரில் காய்ச்சினால் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. சுத்தமாகக் காய்ச்சினால் தின்னும் ஜெலட்டின், அசுத்தமாகக் காய்ச்சினால் வஜ்ஜிரம். வித்தியாசம் அவ்வளவுதான்.

எலும்பிலிருந்து இதைப் பிழிந்து மனிதனுக்குச் சோறாகப் போடலாம் என்று ஊர் அறியச் செய்து காட்டியவர் டெனிஸ் பாப்பின் என்கிற பிரெஞ்சுக்காரர். மருத்துவம் படித்தவர். லண்டனில் ராபர்ட் பாயிலிடம் வேலை பார்த்தார். 1679இல் ராயல் சொசைட்டியில் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். கனமான உலோகச் சட்டி, திருகி இறுக்கும் மூடி, ஆவி அதிகமானால் தானே திறந்து வெளியேற்ற ஒரு வால்வு. நம் வீட்டு பிரஷர் குக்கரின் பாட்டன் அதுதான். நாம் அதைப் பருப்பு வேகவைக்கக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாப்பின் அதை எலும்பு வேகவைக்கத்தான் கண்டுபிடித்தார். 1681இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே எலும்பை மிருதுவாக்கும் கருவி என்று போட்டிருக்கிறார்.

1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி அங்கத்தினர்கள் சிலருக்கு அந்தச் சட்டியில் சமைத்து விருந்து வைத்தார். ஜான் எவ்லின் என்ற கனவான் அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதிவைத்திருக்கிறார். மாட்டெலும்பு, ஆட்டெலும்பு எல்லாம் பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டதாம். எலும்பிலிருந்து வந்த ஜெல்லி அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், ஒரு கண்ணாடிக் கோப்பை நிறைய மனைவிக்குக் கொடுத்தனுப்பினார். ராயல் சொசைட்டி விருந்தாக இருந்தால் என்ன, நம்மூர்க் கல்யாண விருந்தாக இருந்தால் என்ன, வீட்டுக்குப் பொட்டலம் கட்டுகிற பழக்கம் ஒன்றுதான்.

ஏழைகளுக்கு இதைப் போடலாம் என்று பாப்பின் யோசனை சொன்னார். அப்போது அரசரின் வேட்டை நாய்கள் கழுத்தில் ஒரு மனு கட்டிக்கொண்டு வந்து, 'எங்கள் எலும்பைப் பறிக்காதீர்கள்' என்று முறையிட்டதாகவும், அதனால் யோசனை கைவிடப்பட்டதாகவும் ஒரு கேலிக் கதை உண்டு. யாரோ குறும்பர் கட்டிவிட்டதுதான். ஆனால் இந்தக் கதையில் நாய்கள் பின்னாலும் வரப்போகின்றன. பாப்பின் 1713 வாக்கில் லண்டனில் வறுமையில் இறந்துபோனார்.

அடுத்த நூற்றாண்டு முடிந்து பிரான்சில் புரட்சியும் போரும் பஞ்சமும் வந்தன. மருத்துவமனைகளிலும் அனாதை விடுதிகளிலும் ஏழைகள் குவிந்தார்கள். இறைச்சி வாங்கிப்போட யாரிடமும் பணமில்லை. கசாப்புக் கடைகளிலோ எலும்பு மலையாகக் கிடந்தது. இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டவர் காதே த வோ என்ற மருந்தாளர். எலும்பை இடித்துக் காய்ச்சினால் அதே எடை இறைச்சியைவிடப் பல மடங்கு சூப் கிடைக்கும் என்று ஊரெல்லாம் பிரசாரம் செய்தார். நல்ல மனுஷன், ஏழைகள்மேல் நிஜமான இரக்கம் உள்ளவர். அவர் சொன்னதில் சூப்பின் அளவு உண்மை. அந்த சூப்பில் இறைச்சியின் சத்து இருக்கிறதா என்பதை அவர் அளந்து பார்க்கவில்லை. கெட்டியாகிறது, ஜெல்லியாக உறைகிறது, ஆகவே சத்து. நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? ஆட்டுக்கால் சூப் ஃபிரிட்ஜில் கட்டியாக உறைந்தால் 'பாத்தியா, எவ்வளவு பலம்!' என்று.

அவருக்குப் பின் வந்த தார்சே பெரிய ரசாயன நிபுணர். 1810களில் அவர் கொண்டுவந்த முறை இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. எலும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் ஊறப்போட வேண்டியது. சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்துபோய், எலும்பின் உருவம் மாறாமல், ரப்பர் மாதிரி வளைகிற ஒரு பொருள் மிஞ்சும். கோழி எலும்பை வினிகரில் போட்டுப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிற பரிசோதனையும் இதுதான். எங்கள் தொழிலில் இதற்கு ஒசீன் என்று பெயர். கேரளத்தில் ஜப்பான் கூட்டோடு நடக்கிற தொழிற்சாலையில் டன் கணக்கில் தயாராவது இதே சரக்கு. தார்சே பிறகு நீராவியைச் செலுத்தி எலும்பிலிருந்து நேராக ஜெலட்டினை எடுக்கும் இயந்திரத்தையும் அமைத்தார்.

1829இல் அந்த இயந்திரம் பாரிஸின் சான் லூயி மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. இரவும் பகலும் ஓடியது. அங்கே படுத்துக்கிடந்தவர்கள் ஏழைகள். பணக்காரர்களுக்கு வைத்தியம் வீட்டிலேயே நடந்த காலம் அது. தட்டில் வருவதை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. இறைச்சி சூப் இருந்த இடத்தில் ஜெலட்டின் சூப் வந்தது. நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம், விஞ்ஞானத்துக்கு வெற்றி, தர்மவான்களுக்குத் திருப்தி. குடித்தவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதலில் முணுமுணுத்தவர்கள் டாக்டர்கள். ஓட்டல் தியூ என்ற இன்னொரு பெரிய மருத்துவமனையின் வைத்தியர்கள், இந்த சூப் வாயில் வைக்க விளங்கவில்லை, சீக்கிரம் கெட்டுப்போகிறது, நோயாளிக்குத் தெம்பு தருவதில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். 1831இல் அல்ஃபிரெட் தொன்னே என்ற இளம் மருத்துவர் நாய்களிடமும் தன்னிடமுமே சோதித்துப் பார்த்தார். ஜெலட்டினும் ரொட்டியுமாகச் சாப்பிட்டதில் பசி அடங்கவில்லை, எடை குறைந்தது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் கன்னால் என்பவர். அவர் பசைத் தொழிற்சாலை வைத்திருந்தவர், நம்ம ஆள். அவருடைய ஆலையில் எலிகள் எலும்பையும் தோலையும் கொறித்துத் தின்றன. பக்கத்திலேயே இருந்த ஜெலட்டினைத் தொடவில்லை. பெரிய பெரிய பேராசிரியர்கள் பார்க்காததை ஒரு பசை காய்ச்சுகிறவர் எலியிடமிருந்து படித்துக்கொண்டார். பிறகு தானும் தன் குடும்பமும் ஜெலட்டின் சாப்பிட்டுப் பார்த்தார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தையே சோதனையில் இறக்கியதை நான் ஆதரிக்கவில்லை. அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

விவகாரம் முற்றியதும் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் ஒரு கமிஷன் போட்டது. கமிஷன் என்றாலே நமக்குத் தெரியும். அறிக்கை வரப் பத்து வருடம் ஆயிற்று. தலைமை வகித்தவர் பிரான்சுவா மஜாந்தி, அந்தக் காலத்தின் பெரிய உடலியல் நிபுணர். 1816லேயே நாய்களுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, அவை ஒரு மாத அளவில் செத்துப்போனதைக் காட்டியவர். மிருகங்களைக் கொடுமைப்படுத்துகிறார் என்ற கெட்ட பெயரும் அவருக்கு உண்டு. அந்தப் பெயர் அநியாயமாக வந்ததல்ல.

1841இல் வந்த அறிக்கையைப் பற்றிப் படிக்கும்போது மனசு கனக்கிறது. நாய்களுக்குச் சுத்தமான ஜெலட்டினை வைத்தார்கள். முதல் சில நாள் தின்றன. பிறகு மோந்து பார்த்துவிட்டு விலகின. கடைசியில் ஜெலட்டின் நிறைந்த தட்டின் பக்கத்திலேயே பட்டினி கிடந்து செத்தன. மசாலா, வாசனை என்று என்னென்னவோ சேர்த்துப் பார்த்தார்கள், கொஞ்ச நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் பச்சை எலும்பை அப்படியே போட்ட நாய்கள் மாதக்கணக்கில் நன்றாக இருந்தன! எலும்பில் ஏதோ இருக்கிறது, அதிலிருந்து எடுத்த ஜெலட்டினில் அது இல்லை. முட்டையின் வெள்ளைச் சத்தை மட்டும் தனியாகக் கொடுத்தாலும் நாய்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கோதுமையின் பசைச் சத்து மட்டும் விதிவிலக்காக அவற்றை வாழவைத்தது. சுத்தப்படுத்திய ஒற்றைச் சத்து உயிரைக் காப்பாற்றாது என்பது உலகத்துக்குத் தெளிவாகத் தெரியவந்த இடங்களில் இந்த அறிக்கையும் ஒன்று. இறைச்சிக்குப் பதில் ஜெலட்டின் என்ற திட்டத்தை அது முடித்துவைத்தது. தார்சே அதற்குப் பின் மூன்று வருடம்தான் இருந்தார்.

முடிந்ததா என்றால் இல்லை. 1870இல் ஜெர்மன் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது ஜனங்கள் குதிரையையும் எலியையும் தின்ன ஆரம்பித்தார்கள். அப்போது ஃப்ரெமி என்ற ரசாயனப் பேராசிரியர் மறுபடியும் ஒசீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பசி வருகிறபோதெல்லாம் இந்த யோசனையும் வந்துவிடுகிறது.

இதற்குள் மியூனிக்கில் கார்ல் வாய்ட் என்பவர் நிதானமாக அளந்து, நியாயமான ஒரு தீர்ப்பைச் சொல்லியிருந்தார். ஜெலட்டின் வெறும் குப்பையல்ல. மற்ற புரதம் கொஞ்சம் உடன் இருந்தால், உடம்பு தன் சொந்தச் சதையைக் கரைப்பதை இது குறைக்கும். ஆனால் புரதத்தின் முழு இடத்தையும் இது பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பது 1901இல்தான் தெரிய ஆரம்பித்தது. கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ், டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நம் உடம்பால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாத சரக்குகளில் அதுவும் ஒன்று, சாப்பாட்டில்தான் வர வேண்டும். கொலாஜனில் அது அறவே கிடையாது. சான் லூயி மருத்துவமனைத் தட்டில் இல்லாமல் போனது அதுதான். வேறு சிலவும் அதில் குறைவு. பச்சை எலும்பில் ஒட்டியிருந்த சதையும் மஜ்ஜையும் ரத்தமும் அந்தக் குறையை நிரப்பியிருக்க வேண்டும். துவரம்பருப்பு சாதம் சாப்பிடுகிறவர்களுக்கு டிரிப்டோபன் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

சோறாகத் தோற்ற ஜெலட்டின், சோறு அல்லாத எல்லா வேலைகளிலும் ஜெயித்தது. கமிஷன் உட்கார்ந்திருந்த அதே ஊரில், அதே வருடங்களில், 1834 வாக்கில் மோத் என்ற பார்மசி மாணவர் ஜெலட்டினில் மருந்து அடைக்கும் காப்ஸ்யூல் செய்து உரிமை வாங்கினார். கசப்பு மருந்து நாக்கில் படாமல் வயிற்றுக்குப் போயிற்று. இன்று காலையில் நீங்கள் விழுங்கிய காப்ஸ்யூலின் கூடு பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ வந்ததுதான். சைவர்கள் மன்னிக்கவும், இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், போட்டோ தகடுகளுக்கு அதுவரை பயன்பட்ட ஈதர் வாடை தன் உடம்புக்கு ஆகவில்லை என்று, மாற்றாக ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசிப்பார்த்தார். அதன்பின் நம் ஊட்டி எச்.பி.எஃப். ஆலையின் 'இந்து' பிலிம்வரை எல்லா பிலிமும் ஜெலட்டின் பூச்சுத்தான். நம் கல்யாண ஆல்பத்தில் நாம் தெரிவதே ஏதோ ஒரு மாட்டின் புண்ணியத்தில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு லாட் ஜெலட்டினில் பிலிம் அருமையாக வரும், இன்னொரு லாட்டில் மந்தமாக இருக்கும், காரணம் யாருக்கும் புரியவில்லை. 1925இல் கோடாக் கம்பெனியின் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டுபிடித்தார். மாடு கடுகுச் செடி மாதிரி கந்தகம் உள்ள தழைகளைத் தின்றிருந்தால் அந்தச் சத்து துளியூண்டு ஜெலட்டின்வரை வந்து பிலிமுக்கு வேகம் கொடுக்கிறது! எந்த மாடு எந்த வயலில் மேய்ந்தது என்பது சினிமாவில் தெரிந்திருக்கிறது.

இத்தனை வேலை கிடைத்தபின்னும் அதைத் தின்னக் கொடுக்கும் ஆசை போகவில்லை. 1976இல் அமெரிக்காவில் ராபர்ட் லின் என்ற வைத்தியர் 'கடைசி வாய்ப்பு டயட்' என்று ஒரு புத்தகம் போட்டார். உடம்பு இளைக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, ஒரு திரவப் புரதத்தை மட்டும் குடிக்க வேண்டியது. அந்தத் திரவம் தோல், தசைநார், எலும்பு போன்ற கசாப்புக் கழிவிலிருந்து எடுத்த கொலாஜன் சாறு, செர்ரிப்பழ வாசனையெல்லாம் சேர்த்தது. இந்த மாதிரி திரவங்களை ஏராளமானவர்கள் வாங்கிக் குடித்தார்கள். 1977, 78க்குள் இந்த வகை டயட்டில் இருந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அமெரிக்க அரசுக்குத் தகவல் வந்தது. நல்ல வயதுப் பெண்கள் பலர். இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று விழுந்திருக்கிறார்கள். டிரிப்டோபன் இல்லாதது மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சில திரவங்களில் அதைச் சேர்த்தும் இருந்தார்கள். ஒரு நாளைக்கு 400 கலோரிகூட இல்லாத பட்டினி, தாது உப்புக் குறைவு எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கொன்றன. ஆனாலும் மஜாந்தியின் நாய்களைப் பற்றிப் படித்த ஒருவர் அந்த மேஜையில் இருந்திருந்தால், 'இதை மட்டும் குடி' என்று சொல்ல நாக்கு வந்திருக்குமா?

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். இன்றைய பவுடர் பழைய ஜெலட்டின் அல்ல. கொலாஜனின் ஒவ்வொரு இழையும் ஆயிரம் கண்ணி உள்ள நீளச் சங்கிலி. அதை என்சைம் கொண்டு சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிவிடுகிறார்கள். பெப்டைடு என்று டப்பாவில் போட்டிருப்பது அதுதான். தண்ணீரில் கரையும், உறையாது. மாட்டுத்தோல், மீன்தோல், பன்றித்தோல் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஆற்றோரம் போன சரக்குக்கு இந்த மதிப்பு வந்தது தொழில்காரனாக எனக்குச் சந்தோஷம்தான்.

தின்ற கொலாஜன் முழுதும் செரித்துத் தனித்தனி அமினோ அமிலமாகத்தான் ரத்தத்துக்குப் போகும் என்று எங்களுக்கெல்லாம் பாடம். 2005இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், இரண்டு கண்ணி சேர்ந்த சில துண்டுகள் உடையாமலே ரத்தத்தில் வருவதைக் காட்டினார்கள். அந்தத் துண்டுகள் தோலுக்கும் மூட்டுக்கும் 'வேலை செய்' என்று சைகை தரலாம் என்பது இப்போதைய ஊகம். முட்டி வலி கொஞ்சம் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. பல ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் அதை விற்கிறவர்கள். 2011இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மூட்டுக்கு நல்லது என்று விளம்பரம் செய்வதற்கு வந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்து, ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது. ஆக, முட்டிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். ஆனால் புரதக் கணக்கில் இது இன்றைக்கும் தேறாது. ஒரு உணவின் புரதத் தரத்துக்கு உலகத்தில் மார்க் போடுகிற முறைப்படி, டிரிப்டோபன் இல்லாத காரணத்தால் கொலாஜனுக்குக் கிடைப்பது பூஜ்யம். முட்டைக்கும் பாலுக்கும் நூற்றுக்கு நூறு.

அதனால் போன் செய்த நண்பர்களுக்கு இரண்டு விஷயம். பவுடர் குடிக்கிறோமே என்று ராத்திரிச் சாப்பாட்டில் பருப்பையும் மோரையும் முட்டையையும் விட்டுவிடாதீர்கள். வயதானவர்களில் பலர் அப்படிச் செய்கிறார்கள், பசி வேறு குறைந்துவிடுகிறது. கிட்னியில் கல் இருந்தவர்கள், புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கொலாஜன் அதிகம் தின்றால் சிறுநீரில் ஆக்சலேட் கூடுகிறது. நாலாவது டப்பா வாங்கலாமா என்று கேட்ட நண்பரிடம், மூன்று டப்பாவில் என்ன தெரிந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். "ஒண்ணும் தெரியல சார், ஆனா நிறுத்தினா வலி ஜாஸ்தியாயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார். வாங்க வேண்டாம் என்றேன்.

கொலாஜன் ஏன் சோற்றுக்கு ஆகாமல் மற்ற எல்லாவற்றுக்கும் ஆகிறது என்று யோசித்தால், அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். அந்த அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில். 1952இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். இயற்பியல் துறைக்குத் தலைவராக அப்போதுதான் வந்திருந்த ஜி.என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். வயது முப்பது. பக்கத்து வளாகமான மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டதில் கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. கிண்டியில் கங்காரு வால்! அதன் நார்கள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால் எக்ஸ்ரே படம் தெளிவாக விழும். கோபிநாத் கர்த்தாவும் அவரும் சேர்ந்து 1954இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். அடுத்த வருடமே அதைத் திருத்தி மேலும் நேர்த்தியாக்கினார்கள். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு, முறுக்கிய கயிறே மறுபடி லேசாக முறுக்கியது. மூன்று இழையும் உள்ளே நெருக்கியடித்து உட்கார வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின் என்ற மிகச் சின்ன அமினோ அமிலமாக இருந்தாக வேண்டும். பெரியதுக்கு அங்கே இடமில்லை. வெளிநாட்டில் பெரிய தலைகள் சில்லறைத் திருத்தங்கள் சொல்லிச் சர்ச்சை செய்தன. ஆனால் மூன்று இழைக் கயிறு என்ற அடிப்படை நின்றுவிட்டது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது இதற்காகத்தான். அங்கே நடந்த தோல் தொழில் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சில உரைகளில் தூங்கியும் இருக்கிறேன்.

கொலாஜன் உடம்பைக் கட்டிநிறுத்துகிற கயிறு. கொதிக்க வைத்தால் முறுக்குப் பிரிந்துவிடும், அது ஜெலட்டின். ஆறினால் பிரிந்த இழைகள் அங்கங்கே மறுபடி பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்துவைக்கும், அது ஃபிரிட்ஜில் உறைந்த ஆட்டுக்கால் சூப். முறுக்குப் பிரியாமல் பக்குவமாக எடுத்தால்தான் அதன் முழுப் பலன். அப்படி எடுப்பதற்கும் அடையாறில் வழி கண்டார்கள். சுத்தம் செய்த திசுவைச் சூடு காட்டாமல் மெல்லிய அமிலத்திலும் பெப்சின் என்சைமிலும் கரைத்து, உடம்பு அந்நியம் என்று எதிர்க்கக்கூடிய நுனிகளை மட்டும் நறுக்கிவிட்டு, கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய தகடாக உலர்த்துவது. தீக்காயத்தின்மேல் அதை ஒட்டுகிறார்கள். சென்னையிலேயே கம்பெனியில் தயாராகி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

தீக்காயக்காரர்கள் இருக்கும் வார்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே நோயாளிகள் பயப்படுவது ஊசிக்கு அல்ல, காலையில் கட்டு மாற்றுகிற நேரத்துக்கு. புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோன துணியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தெடுக்கும்போது, புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வரும். ஆழமில்லாத காயத்தில் இந்தத் தகட்டை ஒட்டிவிட்டால் தினமும் பிரிக்க வேண்டியதில்லை. அது அங்கேயே இருக்கும். அடியில் தோல் வளர வளர, ஓரத்திலிருந்து தானாகக் காய்ந்து உரிந்து விழுந்துவிடும்.